கர்ரிக்கு 37, பட்லருக்கு 36 ஆகப்போகிறது: வாரியர்ஸ் இன்னும் கோப்பைக்குப் போட்டி போடுமா?

டீப்_த்ரீ:

எல்லோருக்கும் வணக்கம். மே மாதம் NBA கூடைப்பந்து பிளேஆஃபில் (ரெகுலர் சீசனுக்குப் பிறகு கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள், ஒவ்வொன்றிலும் முதலில் நான்கு ஆட்டம் ஜெயிக்கும் அணி முன்னேறும்) நம் வாரியர்ஸ் மினசோட்டாவிடம் 4-1 என்று தோற்று வெளியேறியதிலிருந்து இந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. இப்போது ஆகஸ்ட் 2025 ஆகிவிட்டது, அடுத்த சீசனுக்கான அணி ஏறக்குறைய இதுதான் என்றும் தெரிகிறது, அதனால் இங்கேயே கேட்டுவிடுகிறேன். கர்ரிக்கு 37 வயது. டிரேமண்ட் கிரீனுக்கு 35. ஜிம்மி பட்லருக்கு செப்டம்பரில் 36. முதல் மூன்று பேரும் இந்த வயதில் இருக்கும்போது கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் உண்மையிலேயே கோப்பைக்குப் போட்டி போடும் அணியா, இல்லை பிளேஆஃபில் ஒரு சுற்றை ஜெயித்துவிட்டுக் கிளம்பும் அணியா?

என் பக்கம் நம்பிக்கைதான். பிப்ரவரியில் பட்லர் வந்தபோது அணி 25 வெற்றி, 26 தோல்வி. அவர் வந்த பிறகு 23 வெற்றி, 8 தோல்வி. இது ஏதோ ஒரு வாரம் சூடு பிடித்து ஆடிய கதை இல்லை, சீசனில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அப்புறம் மேற்குப் பிரிவில் இரண்டாம் இடத்தில் இருந்த ஹூஸ்டனை ஏழு ஆட்டத்தில் வெளியே அனுப்பினோம். மினசோட்டாவிலும் முதல் ஆட்டம் நம்முடையது, 99-88, அதுவும் கர்ரி இரண்டாவது குவார்ட்டரில் ஹாம்ஸ்ட்ரிங் (தொடையின் பின்தசை) காயத்தோடு வெளியே போன பிறகு. அவர் இருந்திருந்தால் அந்தத் தொடர் எங்கே போயிருக்கும் என்று நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

என்னோடு ஆட்டம் பார்க்கும் நண்பன் ஒருவன் சொல்கிறான், "இருந்திருந்தால்" என்று ஆரம்பித்தாலே அது வயதான அணிதான், விட்டுவிடு என்று. எனக்கு விட மனமில்லை. 2014 ஸ்பர்ஸ், 2011 டல்லஸ் எல்லாம் இந்த வயதில்தானே ஜெயித்தார்கள்? அந்த அணிகளை நன்றாகப் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள், அவர்களிடம் இருந்தது நம்மிடம் இருக்கிறதா?

பழைய_ஸ்பர்ஸ்:

ஸ்பர்ஸ் பேர் வந்துவிட்டது, நான் சும்மா இருக்க முடியாது.

2014 ஃபைனல்ஸ் ஆடும்போது டிம் டங்கனுக்கு 38, மனு ஜினோபிலிக்கு 36, டோனி பார்க்கருக்கு 32. எதிரே லெப்ரான், வேட், பாஷ் இருந்த மயாமி, முந்தைய இரண்டு கோப்பையும் அவர்களுடையது. ஸ்பர்ஸ் 4-1 என்று ஜெயித்தது, ஜெயித்த நான்கு ஆட்டங்களுமே 15 புள்ளி அல்லது அதற்கு மேல் வித்தியாசம். கிழவர்கள் தட்டுத்தடுமாறி கடைசி வினாடியில் ஜெயித்த கதை இல்லை, அடித்து நொறுக்கினார்கள்.

ஆனால் எப்படி என்று பார்க்க வேண்டும். அந்த ரெகுலர் சீசனில் ஸ்பர்ஸ் அணியில் ஒருவர்கூட 48 நிமிட ஆட்டத்தில் சராசரியாக 30 நிமிடம் ஆடவில்லை. ஒருவர்கூட. அப்படி ஆடியே 62 வெற்றி, லீக்கிலேயே முதல் இடம். எனக்கு இதுதான் அந்தக் கோப்பையின் ரகசியம், ஃபைனல்ஸில் நாம் பார்த்த பாஸ்களைவிட இது பெரிய விஷயம். டங்கனும் ஜினோபிலியும் ஏப்ரலுக்கு வந்து சேர்ந்தபோது கால்களில் இன்னும் சத்து இருந்தது. ஏன் இருந்தது? பாட்டி மில்ஸ், மார்கோ பெலினெல்லி, டேனி கிரீன், டியாகோ ஸ்பிளிட்டர், போரிஸ் டியாவ் என்று நிமிடங்களை வாங்கிக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள். அவர்களில் யாரும் அப்போது பெரிய பெயர் இல்லை. டியாவை 2012-ல் ஷார்லட் அணியே கைவிட்டது. அதே டியாவ் ஃபைனல்ஸ் மூன்றாவது ஆட்டத்தில் ஸ்டார்ட்டராக (தொடக்க ஐவரில் ஒருவராக) வந்தார், அதற்குப் பிறகு மயாமிக்கு ஒரு வெற்றிகூட இல்லை.

ஸ்பர்ஸ் பயிற்சியாளர் பாப்போவிச் ஓய்வு கொடுப்பதில் எவ்வளவு பிடிவாதம் என்றால், நவம்பர் 2012-ல் மயாமியோடு ஆட்டம் இருக்கும்போது டங்கன், பார்க்கர், ஜினோபிலி, டேனி கிரீன் நான்கு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார், லீக் 2,50,000 டாலர் அபராதம் போட்டது. அவர் வழியை மாற்றவில்லை.

இன்னொன்று, ஃபைனல்ஸ் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியது அந்த மூன்று பேரில் யாரும் இல்லை. கவாய் லெனர்ட், அப்போது 22 வயது. லெப்ரானைத் தடுக்கும் வேலை முழுக்க அவர் தலையில். கடைசி மூன்று ஆட்டங்களில் 29, 20, 22 புள்ளி எடுத்தார். 2011 டிராஃப்ட் (அணிகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நாள்) அன்று ஜார்ஜ் ஹில் என்ற நல்ல கார்ட் ஆட்டக்காரரை இந்தியானாவுக்குக் கொடுத்து வாங்கிய பையன். டீப்_த்ரீ, உங்கள் கேள்விக்கு என் பதில் கேள்விதான்: வாரியர்ஸில் அந்த 22 வயதுப் பையன் யார்?

பேஸ்லைன்:

நான் எதிர்ப்பக்கம். வாரியர்ஸ் பிடிக்காமல் சொல்லவில்லை, 2015-லிருந்து இந்த அணியைப் பார்க்கிறவன், ஆனால் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்ல வேண்டும்.

வயதாகும்போது எல்லாத் திறமையும் ஒரே நாளில் போவதில்லை. ஷூட்டிங் கடைசியில்தான் போகும், பாஸ் அதைவிடத் தாமதமாகப் போகும், ஆட்டத்தைப் படிக்கும் அறிவு இன்னும் கூடத்தான் செய்யும். முதலில் போவது பக்கவாட்டில் நகரும் வேகம், அப்புறம் இரண்டாவது தடவை குதிப்பது, அப்புறம் பந்து கைமாறிய உடனே திரும்பி ஓடுவது. அதனால்தான் கர்ரியைத் தனியாகப் பார்த்தால் வயதே தெரியாது. ஏப்ரல் 1 அன்று மெம்ஃபிஸில் 52 புள்ளி எடுத்தவர். ஆனால் ஏழு ஆட்டத் தொடரில் அவரை எப்படி அடிக்கிறார்கள் என்று ஹூஸ்டன் காட்டியது. ஆமென் தாம்சன், 22 வயது, ஒவ்வொரு திரும்பலிலும் உடம்போடு ஒட்டிக்கொண்டே ஓடினான். ஸ்டீவன் ஆடம்ஸ், செங்குன் இரண்டு பெரிய ஆட்களையும் ஒன்றாக இறக்கி ரீபவுண்டுக்கு (வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்து) மேல் ரீபவுண்டு எடுத்தார்கள். 3-1 என்று முன்னால் இருந்தும் அடுத்த இரண்டையும் தோற்றோம். ஏழாவது ஆட்டத்தைக் காப்பாற்றியது நம் பட்டி ஹீல்டின் 33 புள்ளி.

அந்த ஏழாவது ஆட்டம் மே 4. மினசோட்டாவோடு முதல் ஆட்டம் மே 6. நடுவில் ஒரே ஒரு நாள். ஹாம்ஸ்ட்ரிங் எங்கிருந்து வந்தது என்று மருத்துவர் வந்து சொல்ல வேண்டுமா? ஒரு காயத்துக்கு இதுதான் காரணம் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது, அது எனக்கும் தெரியும், ஆனால் 37 வயதுக் காலுக்கு இதைவிட மோசமான அட்டவணை போட முடியாது.

உதாரணங்களைச் சொல்கிறீர்கள் என்றால் தோற்றவர்களையும் சொல்லுங்கள். 2004 லேக்கர்ஸ், கார்ல் மலோனும் கேரி பேட்டனும் கோப்பைக்காகவே வந்து சேர்ந்தார்கள், மலோனுக்கு முழங்கால் போனது, டெட்ராய்ட் 4-1. 2014 புரூக்ளின், கெவின் கார்னெட், பால் பியர்ஸ் இருவரையும் வாங்குவதற்கு டிராஃப்ட் வாய்ப்புகளை வாரிக் கொடுத்தார்கள், இரண்டாவது சுற்றோடு முடிந்தது, கொடுத்த வாய்ப்புகள் பாஸ்டனில் ஜேலன் பிரவுன், ஜேசன் டேட்டமாக வளர்ந்தன. ஜெயித்த வயதான அணிகளை விரல் விட்டு எண்ணலாம். தோற்றவற்றை எண்ணப் போனால் இந்தப் பக்கம் போதாது.

அதோடு இப்போது சாம்பியன் யார்? ஓக்லஹோமா. ஷே கில்ஜியஸ் அலெக்சாண்டருக்கு 27, ஜேலன் வில்லியம்ஸுக்கு 24, ஹோல்ம்கிரனுக்கு 23. 68 வெற்றி. முழு மைதானத்திலும் பந்தைத் துரத்துகிற அணி, பெஞ்சிலிருந்து வருகிறவனும் அதே வேகத்தில் துரத்துவான். 1998 சிகாகோவை யாராவது இழுப்பீர்கள், அதனால் முன்பே சொல்லிவிடுகிறேன். ஜோர்டனுக்கு 35, ராட்மனுக்கு 37, சரி. ஆனால் ஃபைனல்ஸில் எதிரே நின்ற யூட்டாவில் ஸ்டாக்டனுக்கு 36, மலோனுக்கு 34. இப்போது அப்படி ஒரு சக வயது எதிரி கிடைக்கப் போவதில்லை.

டீப்_த்ரீ:

பேஸ்லைன், நீங்கள் சொல்வதில் நிறைய உண்மை இருக்கிறது, ஆனால் காயம் என்பதை வயதுக்கணக்கில் மட்டும் எழுதுவதை நான் ஏற்கவில்லை. இதே பிளேஆஃபில் அகில்லீஸ் (குதிகால் தசைநார்) கிழிந்தவர்களைப் பாருங்கள். லில்லார்டுக்கு 34, சரி. டேட்டமுக்கு 27. ஹாலிபர்ட்டனுக்கு 25, ஃபைனல்ஸ் ஏழாவது ஆட்டத்தில். இளம் அணிகளும் இதே பயத்தோடுதான் ஆடுகின்றன.

பழைய_ஸ்பர்ஸ் கேட்டது நியாயமான கேள்வி. எனக்கு நம் 22 வயது குமிங்காதான் அந்தப் பையனாக இருக்க வேண்டும் என்று ஆசை. மினசோட்டா மூன்றாவது ஆட்டத்தில் கர்ரி இல்லாமல் 30 புள்ளி எடுத்தானே, மறக்க முடியுமா? சரி, டல்லஸ் பற்றி யாராவது சொல்லுங்கள், அந்த அணியில் 22 வயது நட்சத்திரம் யாரும் இல்லையே.

ஸ்கிரீன்_போடுறவன்:

டல்லஸுக்கு நான் வருகிறேன். 2011-ல் நோவிட்ஸ்கிக்கு 32, ஜேசன் கிட்டுக்கு 38, ஜேசன் டெர்ரிக்கும் ஷான் மேரியனுக்கும் 33. லேக்கர்ஸை 4-0 என்று துடைத்தார்கள், அந்த நான்காவது ஆட்டம் 122-86, டெர்ரி மட்டும் ஒன்பது த்ரீ (மூன்று புள்ளி ஷாட்), பெஜா ஸ்டோயாகோவிச் எறிந்த ஆறு த்ரீயும் உள்ளே. ஃபைனல்ஸில் மயாமியை 4-2.

இளம் நட்சத்திரம் இல்லை என்பது உண்மைதான், ஆனால் டைசன் சாண்ட்லர் இருந்தார். 28 வயது, ஏழடிக்கு மேல் உயரம், வளையத்துக்குக் கீழே நின்று எல்லோருடைய வயதையும் மறைத்தவர். கிட்டைத் தாண்டி ஒருவன் உள்ளே வந்தால் சாண்ட்லர். டெர்ரியைத் தாண்டி வந்தாலும் சாண்ட்லர். நோவிட்ஸ்கி டிஃபென்ஸில் எங்கே நிற்க வேண்டும் என்று கத்திச் சொல்பவரும் அவர்தான். அந்த ஒரு ஆளை நம்பித்தான் மற்றவர்கள் வெளியே துணிந்து நின்றார்கள். அதோடு ஜோன் டிஃபென்ஸ் (ஆளுக்கு ஆள் ஒட்டாமல் ஆளுக்கு ஒரு பகுதியைக் காப்பது) நிறைய ஆடினார்கள், அதை வடிவமைத்தது உதவிப் பயிற்சியாளர் டுவேன் கேசி. ஜோனில் பக்கவாட்டு ஓட்டம் குறைவு, சரியான இடத்தில் சரியான நேரத்தில் நிற்பதுதான் முக்கியம், அது வயதானவர்களுக்குக் கைவந்த கலை. பேஸ்லைன் சொன்ன முதலில் போகிற வேகம் இருக்கிறதே, அதற்கு டல்லஸ் கண்டுபிடித்த மருந்து இதுதான்.

ஜெயித்த பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். அடுத்த சீசனுக்கு முன்பே சாண்ட்லரை நியூயார்க்குக்குப் போக விட்டுவிட்டார்கள், பணத்தைச் சேமித்து வேறு நட்சத்திரத்தைப் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டு. 2022 வரை டல்லஸ் ஒரு பிளேஆஃப் தொடரைக்கூட ஜெயிக்கவில்லை. நோவிட்ஸ்கி அதன் பிறகும் எட்டு சீசன் ஆடினார்! எனக்கு அந்த முடிவு மேல் இன்றைக்கும் கோபம் இருக்கிறது.

இப்போது வாரியர்ஸுக்கு வாருங்கள். 2022-ல் ஜெயித்தபோதே கர்ரிக்கு 34, கிளே தாம்சனுக்கும் டிரேமண்டுக்கும் 32. அப்போதும் வயதான அணி என்றுதான் சொன்னார்கள். அவர்களுக்காக ஓடியது யார்? விக்கின்ஸ், 27 வயது, டேட்டமைக் கட்டிப்போட்டவர். ஜோர்டன் பூல், ஃபைனல்ஸ் முடிந்த மூன்றாவது நாள்தான் 23 ஆனான். கெவான் லூனி, ரெகுலர் சீசன் 82, பிளேஆஃப் 22, ஓர் ஆட்டம்கூடத் தவறவிடவில்லை. பூல் 2023-ல் வாஷிங்டனுக்கு. விக்கின்ஸ், பட்லரை வாங்கிய டிரேடில் (ஆள் பரிமாற்றத்தில்) மயாமிக்கு. லூனி இந்த ஜூலையில் நியூ ஆர்லியன்ஸுக்கு. மூன்று பேரும் போய்விட்டார்கள். கர்ரிக்கு மூன்று வயது கூடியதைவிட இதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது.

வருவார் என்று பேசப்படுவது அல் ஹார்ஃபோர்டு, 39 வயது. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும், 2024-ல் பாஸ்டன் ஜெயித்தபோது போர்சிங்கிஸ் காயத்தில் இருக்க ஸ்டார்ட்டராக நின்றவர், அப்போதே 38. வெளியிலிருந்து எறிவார், பாஸ் போடுவார், டிஃபென்ஸில் தவறான இடத்தில் நிற்கவே மாட்டார். ஆனால் பாஸ்டன் அவரை அடுத்தடுத்த நாள் ஆட்டங்களில் இரண்டிலும் ஆட விடுவதில்லை. அந்த இரண்டாவது இரவில் சென்டராக வளையத்துக்குக் கீழே நிற்பது யார்? மறுபடியும் டிரேமண்ட், ஆறடி ஆறு அங்குல உயரத்தோடு, தன்னைவிட அரையடி உயரமானவர்களோடு மோதிக்கொண்டு.

ஆறாவது_ஆள்:

எல்லோரும் பிளேஆஃப் பற்றியே பேசுகிறீர்கள். என்னைக் கேட்டால் வயதான அணியின் தலையெழுத்து நவம்பர், டிசம்பரிலேயே எழுதப்படுகிறது.

இந்த வருடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ரெகுலர் சீசன் கடைசி நாள், ஏப்ரல் 13, கிளிப்பர்ஸிடம் ஓவர்டைமில் 124-119 தோல்வி. அதை ஜெயித்திருந்தால் பிளே-இன் (7 முதல் 10 வரையிலான இடங்களில் இருக்கும் அணிகள் பிளேஆஃப் இடத்துக்காக ஆடும் தகுதிச் சுற்று) இல்லை. தோற்றதால் ஏழாம் இடம், மெம்ஃபிஸோடு ஒரு பிளே-இன், அப்புறம் முரட்டுத்தனமாக ஆடும் ஹூஸ்டன், அங்கே ஏழு ஆட்டம், நடுவில் பட்லருக்கு இடுப்பில் அடி, அப்புறம் கர்ரிக்கு ஹாம்ஸ்ட்ரிங். பட்லர் வருவதற்கு முன் தோற்ற அந்த 26 ஆட்டங்களில் நான்கைந்தை ஜெயித்திருந்தால் ஏப்ரலில் ஒவ்வொரு இரவும் வாழ்வா சாவா என்று ஆடியிருக்க வேண்டியதில்லை. பிந்திக் கிடைத்த இடத்துக்கு வயதானவர்கள் உடம்பால் விலை கொடுக்கிறார்கள்.

இதற்கு இன்னும் கொடூரமான உதாரணம் 2013 லேக்கர்ஸ். நாஷ் இரண்டாவது ஆட்டத்திலேயே காலை உடைத்துக்கொண்டார், அணி பிளேஆஃபுக்குப் போகுமா என்பதே சந்தேகம், அதனால் 34 வயது கோபி பிரயண்ட் கடைசி வாரங்களில் ஏறக்குறைய முழு 48 நிமிடமும் ஆடினார். ஏப்ரல் 12, அகில்லீஸ் கிழிந்தது. எதிரே நின்ற அணி வாரியர்ஸ்தான். அந்தக் காலோடு இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டுவிட்டுத்தான் உள்ளே போனார். பிளேஆஃப் கிடைத்தது, கோபி இல்லாமல், ஸ்பர்ஸிடம் 4-0.

அதனால் நான் பார்க்கப்போவது ஒன்றுதான்: கர்ரி இல்லாத இரவுகளில் அணி என்ன செய்கிறது. விதி இப்போது கொஞ்சம் சாதகம். 2023-லிருந்து நட்சத்திரங்களை உட்கார வைக்க லீக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது, பாப்போவிச் மாதிரி நான்கு பேரை ஒரே இரவில் அனுப்ப முடியாது, ஆனால் சீசன் தொடங்கும் நாளில் 35 நிறைந்தவர்களுக்கு அடுத்தடுத்த நாள் ஆட்டங்களில் முன்அனுமதி வாங்கி ஓய்வு கொடுக்கலாம். நம் மூன்று பேருமே அதில் வருவார்கள். அனுமதி கிடைக்கும், நிமிடங்களை எடுத்துக்கொள்ள ஆள் வேண்டுமே. போட்சியெம்ஸ்கிக்கு 22, மூடிக்கு 23, குமிங்காவுக்கு 22, அவனுடைய புதிய ஒப்பந்தமோ இன்னும் கையெழுத்தாகவில்லை.

பணக் கணக்கும் இடிக்கிறது. அடுத்த சீசனில் கர்ரி, பட்லர், டிரேமண்ட் மூன்று பேருக்கு மட்டும் ஏறக்குறைய 14 கோடி டாலர், லீக்கின் சம்பள உச்சவரம்பே 15.5 கோடிக்குக் கொஞ்சம் கீழே. மிச்ச இடங்களைக் குறைந்த சம்பளக்காரர்களைக் கொண்டுதான் நிரப்ப வேண்டும். அணியின் மொத்தச் சம்பளம் இரண்டாம் ஏப்ரன் என்ற எல்லையைத் தாண்டினால் இரண்டு ஆட்களைச் சேர்த்துக் கொடுத்து ஒருவரை வாங்கும் டிரேடுகூட முடியாது. 2012-ல் டங்கன் தன் சம்பளத்தைப் பாதியளவுக்குக் குறைத்துக்கொண்டு மூன்று வருடத்துக்கு 3 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டார், அந்த இடத்தில்தான் மற்றவர்கள் வந்தார்கள். கர்ரியும் அப்படிச் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன், அந்த அணியின் மதிப்பையே உண்டாக்கியவர் அவர். டங்கனுக்குக் கிடைத்த பெஞ்ச் ஏன் இங்கே இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

பேஸ்லைன்:

ஆறாவது_ஆள் சொன்னதற்கு ஒரு சேர்க்கை. இளையவர்களைத் தேடவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2020-ல் இரண்டாவது தேர்வு, வைஸ்மன். 2021-ல் ஏழாவது குமிங்கா, 14-வது மூடி. 2020-ல் அடுத்த தேர்விலேயே லமெலோ பால் போனார். 2021-ல் குமிங்காவுக்கு அடுத்து எட்டாவதாகப் போனவர் ஃபிரான்ஸ் வாக்னர். ஸ்பர்ஸுக்குக் கவாய் கிடைத்தான், நமக்கு அந்த வாய்ப்பு மூன்று தடவை வந்தது. குமிங்காவைத்தான் பாருங்கள், கிளிப்பர்ஸ் ஆட்டத்தில் ஒரு நிமிடம்கூட இறக்கவில்லை, ஹூஸ்டன் முதல் ஆட்டத்திலும் இல்லை, மூன்று வாரம் கழித்து மினசோட்டாவுக்கு எதிராக 30 புள்ளி. இவனை என்ன செய்வது என்று நான்கு வருடமாக அணிக்கே முடிவு தெரியவில்லை.

பழைய_ஸ்பர்ஸ்:

என் கணிப்பைப் போட்டுவிடுகிறேன். 2014-லேயே ஸ்பர்ஸ் முதல் சுற்றில் டல்லஸோடு ஏழு ஆட்டம் ஆடியது, கொஞ்சம் பிசகியிருந்தால் அந்தக் கோப்பையே இல்லை, அதனால் யாரையும் ஆகஸ்ட்டிலேயே எழுதித் தள்ள மாட்டேன். ஆனாலும் இந்த வாரியர்ஸ் நான்காவது, ஐந்தாவது இடத்துக்குள் வந்து கர்ரி சராசரி 31 நிமிடத்துக்குள் ஆடியிருந்தால் மேற்கு ஃபைனல் வரை போகலாம் என்று நம்புகிறேன். மறுபடியும் பிளே-இன் என்றால் இரண்டாவது சுற்றைத் தாண்டாது. ஓக்லஹோமாவை ஏழு ஆட்டத்தில் தோற்கடிக்க இப்போதிருக்கும் ஆட்கள் போதாது, இன்னொரு சாண்ட்லர் தேவை.

டீப்_த்ரீ:

கர்ரியின் நிமிடக் கணக்கை இந்த சீசன் முழுக்கக் குறித்துவைக்கப் போகிறேன், ஜனவரியில் இங்கேயே போடுகிறேன். ஸ்கிரீன்_போடுறவன், ஜோன் டிஃபென்ஸ் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதுங்கள். டிரேமண்டும் ஹார்ஃபோர்டும் பின்னால் நின்று, மூடியும் பட்லரும் முன்னால் நின்றால் டல்லஸ் செய்ததில் பாதியாவது வருமா?

ஸ்கிரீன்_போடுறவன்:

பாதி வரும். கைநீளம் இருக்கிறது, மூளை இருக்கிறது. வராத பாதி ரீபவுண்டு, ஜோனில் யாரை யார் தடுத்து நிற்க வேண்டும் என்பது குழம்பும், ஹூஸ்டன் மாதிரி அணி அங்கேதான் கை வைக்கும். ஒரு குவார்ட்டருக்கு நான்கைந்து நிமிடம் ஆடலாம், அதுவும் எதிரணி ஸ்கோர் போட்ட பிறகு, செட் ஆக நேரம் கிடைக்கும்போது மட்டும். மூன்றாவது சென்டர் ஒருவரைப் பிடித்தால் அதை எட்டு நிமிடமாக்கலாம்.